ஷெர்கர் கோப்பை: ஜாக்கிகள் அணிக்காக வழி விடுகிறார்களா?

இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்தில் ஆகஸ்ட்டில் நடக்கும் ஷெர்கர் கோப்பை, ஜாக்கிகள் (குதிரை ஓட்டும் வீரர்கள்) அணிகளாகப் போட்டியிடும் குதிரைப் பந்தயம். அதைப் பற்றி அடிக்கடி பகிரப்படும் செய்தி இது: 'அது வெறும் காட்சிப் போட்டி. குதிரையின் கணக்கில் சேராது. ஜாக்கிகள் தங்கள் அணிக்காரருக்கு வழி விடுவார்கள்.'

மூன்றுமே தவறு.

ஆறு பந்தயங்களும் முறையான ஹேண்டிகேப் பந்தயங்கள்தான்; அதாவது, திறன் கூடிய குதிரைக்கு அதிக எடை ஏற்றி வாய்ப்பைச் சமன் செய்யும் வகை. பரிசுப் பணம் உண்டு, முடிவு குதிரையின் பதிவில் ஏறும், அடுத்து அது சுமக்கும் எடையையும் மாற்றும். புதுமை ஜாக்கிகளின் பக்கம் மட்டுமே: அணிக்கு மூவராக நான்கு அணிகள், யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில்.

வழி விடும் கதைக்கு வருவோம். முதல் ஐந்து இடங்களுக்கு 15, 10, 7, 5, 3 புள்ளிகள். முதலில் போகிறவர் இரண்டாவதாக வரும் அணித்தோழருக்கு வழி விட்டால் அணிக்கு அதே 25தான். ஒரு புள்ளிகூட அதிகமாகாது. அவருடைய தனிக் கணக்குத்தான் குறையும், அதிகப் புள்ளி எடுத்தவருக்கான வெள்ளிச் சேணம் கைநழுவும். குதிரையை முழுத் திறனோடு ஓட்டாவிட்டால் தண்டனை வேறு.

சரி, இதனால் பந்தயத்துக்கு என்ன லாபம்? டெர்பி போன்ற முதன்மைப் பந்தயங்களின் தரத்துக் குதிரைகளை இங்கே தேடாதீர்கள். ஆனால் பெண் ஜாக்கிகளுக்கென்றே ஓர் அணி அமைந்தது. 2015-இல் கோப்பையும் அவர்களுக்குத்தான்.