ஹாப்ஸ் என்றாலே கசப்புதானா?

போன சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நண்பர் வீட்டில் ஹாப்ஹெட் வோட்கா குடித்துப் பார்த்தேன். பீரில் போடும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்து வடித்த வோட்கா இது. அவர் வெகுநாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பாட்டில். 1975-இல் கேஸ்கேட் என்ற வகை ஹாப்ஸைப் போட்டு லிபர்ட்டி ஏல் என்ற பீரைக் காய்ச்சிய ஆங்கர் ஆலையின் வடிசாலைதான் இதையும் செய்தது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளையும் ஹாப்ஸ், செம்பு வாலை (சாராயம் வடிக்கும் பாத்திரம்), 45 சதவீதம் ஆல்கஹால்.

ஹாப்ஸ் என்றதும் நாக்கு கசப்புக்குத் தயாராகிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் முதல் மடக்கில் அந்தக் கசப்பு வரவே இல்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனபோதே சாத்துக்குடித் தோலைக் கிள்ளிய வாசனை, அப்புறம் வெட்டிய புல், கடைசியில் லேசாக மிளகு.

காரணம் வடிக்கும் முறையில் இருக்கிறது. ஹாப்ஸ் கொடியின் பெண் பூவுக்குள் மஞ்சள் தூள் மாதிரி லுப்புலின் இருக்கும். கசப்பும் அதில்தான், மணமும் அதில்தான். பீருக்காகக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகி அப்படியே பீரில் தங்கிவிடும். வாலையில் அந்த அமிலங்கள் ஆவியாகி மேலே ஏறாது. மணம் தரும் எண்ணெய்கள்தான் ஏறும். அந்த எண்ணெய்கள் நமக்குப் புதியவையும் அல்ல. மிர்சீன் மாம்பழத்தில் இருக்கிறது, கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது.

அதனால்தான் இதை ஃப்ரீசரில் வைத்து உறைகுளிரில் ஊற்றிக்கொடுப்பது எனக்கு ஒப்பவே இல்லை. இதற்கு முன்பு ஒரு பாரில் வேறொரு ஹாப்ஸ் வோட்காவை அப்படித்தான் கொடுத்தார்கள். மணம் துளிகூட எழவில்லை, தொண்டை எரிந்ததுதான் மிச்சம். குளிரில் அந்த எண்ணெய்கள் எழும்பாது. சாதாரண வோட்காவுக்கு அது சரி, இதற்குச் சரியில்லை. அறை வெப்பத்தில் ஊற்றி, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள். கசப்பான டானிக் வாட்டர் வேண்டாம். வோட்காவில் இல்லாத கசப்பை நாமே கொண்டுபோய்க் கொட்டுவானேன்?

வோட்காவுக்குத் தனி மணமோ சுவையோ இருக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்ட வரையறையே வெகுகாலம் சொல்லி வந்தது. 2020-இல்தான் அதை எடுத்தார்கள். நல்ல முடிவு என்பேன். ஒரு பூவின் மணத்தை இவ்வளவு தெளிவாக ஏந்தி வரும் சாராயத்தை, வாசனை இருக்கிறது என்பதற்காகக் குறைவாக மதிப்பது அநியாயம்.

மறுநாள் காலை கழுவாமல் விட்ட கிளாஸை எடுத்து முகர்ந்தேன். ஆல்கஹால் நெடி போயிருந்தது. சாத்துக்குடித் தோல் வாசனை அப்படியே இருந்தது.