என் காட்சியில் இருந்த பாட்டு எங்கே போனது?

வருடக்கணக்காக மனதில் வைத்திருந்த ஒரு பழைய தொடரை ஸ்ட்ரீமிங்கில் மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். அந்தப் பிரிவுக் காட்சி வந்தது, பாட்டு வரவில்லை, அந்த இடத்தில் பேர் தெரியாத ஏதோ ஒரு கிடார் இசை. அப்போதெல்லாம் அழுகை வரும், இப்போது கோபம்தான் வந்தது.

காரணம் தெரியும். ஒரு பாட்டைத் தொடரில் சேர்க்க மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒரு உரிமம், பாடிப் பதிவுசெய்த ஒலிக்கு இன்னொரு உரிமம் வாங்க வேண்டும். அன்றைக்குப் பலர் தொலைக்காட்சிக்கு மட்டும், சில வருடங்களுக்கு மட்டும் என்று வாங்கிவிட்டார்கள், அப்புறம் டிவிடி, ஸ்ட்ரீமிங் என்று வந்ததும் மறுபடி பேரம், கட்டுப்படியாகவில்லை என்றால் பாட்டைத் தூக்கிவிடுகிறார்கள். 1993இல் முடிந்த 'தி ஒண்டர் இயர்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் முழுத் தொடராக டிவிடியில் வர 2014 ஆனதற்கு இந்தப் பாட்டு உரிமச் சிக்கல்தான் காரணம்.

சரி, செலவு புரிகிறது. ஆனால் அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தானே காட்சியையே வெட்டி ஒட்டியிருந்தார்கள்? நாயகி திரும்பிப் பார்ப்பதே பல்லவி தொடங்கும் நொடியில்தான்! இப்போது எதற்கோ சும்மா திரும்புகிறாள். 'இசை மாற்றப்பட்டுள்ளது' என்று தொடக்கத்தில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம், அதுவும் இல்லை.