எதிர்பாராத செலவு என்று எதைச் சொல்கிறோம்?

மாதாமாதம் ஒரு தொகை சேர்த்தே தீருவது என்று ஆரம்பிக்கிற பலர் நாலைந்து மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் கிடைக்கிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “சேர்த்துக்கிட்டுதான் இருந்தோம், திடீர்னு ஒரு செலவு வந்துடுச்சு.” அந்தத் திடீர்ச் செலவு என்ன என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். வண்டி இன்சூரன்ஸ். பிள்ளையின் பள்ளிக் கட்டணம். பண்டிகைத் துணிமணி. சொந்தத்தில் ஒரு கல்யாணம். வண்டி வாங்கிய அன்றே இன்சூரன்ஸ் முடியும் தேதி தெரியும். பள்ளி திறக்கும் மாதம் ஊருக்கே தெரியும். பண்டிகை நாட்காட்டியிலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் எதிர்பாராத செலவு என்று சொல்லப் பழகிவிட்டோம். சாமானியக் குடும்பங்களின் சேமிப்பு உடையும் முதல் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

சேமிக்க வழி கேட்டால் “தினம் கடையில் காபி குடிப்பதை நிறுத்து” என்று ஆரம்பிக்கிற அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. தினம் 30 ரூபாய் என்றாலும் மாதத்துக்கு 900. அதை நிறுத்தினால் மனசுதான் வாடும், கணக்கில் பெரிய மாற்றம் வராது. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 40,000. வாடகை, மளிகை, மின்சாரம், போக்குவரத்து, தவணை எல்லாம் சேர்த்து 32,000. மீதி 8,000. இதை அப்படியே சேமித்தால் வருடத்துக்கு 96,000 என்று அந்தக் குடும்பம் நம்புகிறது. இப்போது வருடத்தில் ஓரிரு முறை மட்டும் வரும் செலவுகளை எழுதுவோம். பள்ளிக் கட்டணம் இரண்டு தவணையாக 36,000. வண்டி இன்சூரன்ஸ் 6,000. வண்டி சர்வீஸ், டயர், பிரேக் 9,000. பண்டிகை 15,000. விசேஷ வீடுகளுக்குப் போய்வர, பரிசு கொடுக்க 13,000. பல், கண்ணாடி, காய்ச்சல் என்று மருத்துவம் 8,000. சொந்த ஊர் வீட்டுக்கு வரி 3,000. 18,000 போட்டு வாங்கும் போன் மூன்று வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 6,000. கூட்டினால் 96,000. அதாவது மாதம் 8,000. மிஞ்சுவதாக நினைத்த பணம் முழுவதும் ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். இந்தக் குடும்பத்தில் யாரும் ஊதாரி இல்லை, கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், பாதி விட்டுப்போகும். கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் தவறாமல் வருகிற செலவுகளை அடித்துவிடுங்கள். அடிபடாமல் நிற்பவைதான் உங்கள் பட்டியல். ஏடிஎம்மில் மொத்தமாக எடுத்த பெரிய தொகை எதற்குப் போனது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினால்தான் தெரியவரும். பிறகு, இந்த 12 மாதத்தில் வராத, ஆனால் நிச்சயம் வரப்போகிற செலவுகளைச் சேருங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, வண்டி பேட்டரி, வீடு மாறினால் தர வேண்டிய முன்பணம். ஒவ்வொன்றின் விலையையும் அது உழைக்கும் வருடங்களால் வகுத்து எழுதுங்கள். விலைவாசிக்காக மொத்தத்தில் பத்து சதவீதம் கூட்டி, 12-ஆல் வகுத்தால் மாதாமாதம் ஒதுக்க வேண்டிய தொகை கையில் வந்துவிடும்.

இதை ஆரம்பிக்கிறவர்கள் முதல் மூன்று மாதத்தில்தான் தடுக்கி விழுவார்கள். மேலே சொன்ன குடும்பம் மாதம் 8,000 ஒதுக்க ஆரம்பித்த இரண்டாம் மாதமே 18,000 பள்ளிக் கட்டணம் வந்தால் கையில் இருப்பது 16,000. துண்டு விழுகிறது 2,000. மூன்றாம் மாதம் 8,000 சேர்ந்து, வீட்டு வரி 3,000, கல்யாணச் செலவு 7,000 போனால் துண்டு 4,000 ஆகிறது. நான்காம் மாதம் இன்சூரன்ஸ் 6,000 கட்டிய பிறகு துண்டு 2,000. ஐந்தாம் மாதம் சர்வீஸ் எதுவும் இல்லாவிட்டால் இருப்பு 6,000 ஆகி நிமிர்ந்துவிடுகிறது. இப்படி 12 மாதத்துக்கும் ஒரு தாளில் ஓட்டிப் பாருங்கள். எந்த மாதத்தில் துண்டு அதிகமோ அந்தத் தொகையை ஆரம்பத்திலேயே முதலாகப் போட வேண்டும். இங்கே அது 4,000. போனஸோ, பழைய பாக்கி ஏதாவது வந்ததோ, முதல் வேலையாக இதற்குக் கொடுங்கள். இந்தச் சின்ன முதல் இல்லாமல்தான் “இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சம்பளக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு “இதில் 8,000-ஐத் தொடக் கூடாது” என்று மனதில் குறித்துவைப்பது நடைமுறையில் நிற்பதில்லை. மனிதர்கள் பணத்தைத் தனியே பிரித்து ஒரு பெயர் வைத்துவிட்டால் அதை வேறு காரியத்துக்குத் தொடத் தயங்குவார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்டு தேலர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர் அவர். நம் பாட்டிமார்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் செய்த காரியம்தான் அது. அந்தத் தனிக் கணக்கை போன் செயலியோடு இணைக்காதீர்கள், கார்டு வாங்கினாலும் பர்ஸில் வைக்காதீர்கள். அதே நேரத்தில் இதை நீண்டகால டெபாசிட்டில் பூட்டிவிடவும் கூடாது. ஆண்டுக்குள் செலவாகப்போகிற பணத்தில் வட்டி தேடுவது வீண் வேலை.

தானாகப் பணம் மாறும்படி வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுங்கள். தேதி முக்கியம். சம்பளம் 1-ம் தேதி என்றால் உத்தரவை 3-ம் தேதிக்கு வையுங்கள். விடுமுறையால் சம்பளம் ஒருநாள் தள்ளினாலும் இருப்பு இல்லாமல் உத்தரவு திரும்பாது. வீட்டுக்கடன் போன்ற தவணைகளும் அதே கணக்கில் பிடிக்கப்பட்டால் அவை போன பிறகு என்ன மிச்சம் என்று பார்த்துத் தொகையை முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் சேமிப்பு போய்ச் சேர்ந்துவிடும், தவணை திரும்பி அபராதம் விழும். தொகை சரியா என்று அறிய ஒரே சோதனை: மாதம் முடிவதற்குள் அதிலிருந்து திரும்ப எடுத்தீர்களா? எடுத்தால் தொகை உங்கள் சக்திக்கு மேல். குறைத்துவிடுங்கள். 5,000 போட்டு 3,000 எடுப்பதைவிட 2,000 போட்டு அதைத் தொடாமல் இருப்பதே மேல். பழக்கம் அப்படித்தான் நிலைக்கும்.

சரி, 8,000-மும் இதற்கே போனால் சேமிப்புக்கு எங்கே போவது? கசப்பான பதில்தான். இன்றைய செலவில் அந்தக் குடும்பத்தால் சேமிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்வதே பாதி வேலை, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் வாடகை, வண்டி, தவணை என்ற மூன்று பெரிய இனங்களை யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் விடுபடும். ஒன்றையும் மாற்ற முடியாத நிலை என்றால் அடுத்த சம்பள உயர்வைக் குறிவையுங்கள். தேலரும் இன்னொரு பொருளாதார அறிஞரான ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், “இப்போது முடியாது” என்ற ஊழியர்களிடம், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பு விகிதமும் தானாக உயர ஒப்புதல் வாங்கினார்கள். 40 மாதத்தில் அவர்களின் சேமிப்பு விகிதம் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்குப் போனது. கையில் வராத பணத்தை யாரும் இழந்ததாக நினைப்பதில்லை. உயர்வு 3,000 என்றால், முதல் உயர்ந்த சம்பளம் வருவதற்கு முன்பே சேமிப்புக்கு 1,500 கூடுதலாகப் போகும்படி உத்தரவை மாற்றிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் அந்த 3,000-க்கு வீட்டில் ஒரு செலவு முளைத்திருக்கும்.

தினசரிச் செலவை நோட்டில் எழுதுங்கள் என்று சொல்வார்கள். எழுதுகிறவர்கள் எழுதட்டும். எழுதிச் சலித்தவர்களுக்கு வாரப் பணம் நல்ல வழி. மளிகை, காய்கறி, வெளியே சாப்பாடு, சில்லறை எல்லாம் மாதம் 13,000 என்றால், வாரத்துக்கு எவ்வளவு? நாலால் வகுத்து 3,250 என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நாலு வாரம் 28 நாள்தான். வருடத்துக்கு 52 வாரம். 3,250-ஐ 52-ஆல் பெருக்கினால் 1,69,000, ஆனால் வருட ஒதுக்கீடு 1,56,000. 13,000 அதிகம், ஒரு முழு மாதச் செலவு. மாதக் கடைசியில் கை காய்வதற்கு இந்த வகுத்தல் பிழையும் ஒரு காரணம். சரியான தொகை 3,000. திங்கட்கிழமை காலையில் அதைச் செலவுக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும், ஞாயிறுவரை இருப்பு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்தாலே கணக்கு தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமையே தீர்ந்துபோனாலும் அவதி இரண்டு நாளைக்குத்தான்.

கடனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மாதம் 3 சதவீத வட்டி ஓடும் கிரெடிட் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு 6, 7 சதவீத டெபாசிட்டில் பணம் போடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மாதம் 3 என்றால் வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42.6 சதவீதம். ஒரு லட்சம் பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை என்று 5 சதவீதம், அதாவது 5,000 கட்டினால் அதில் 3,000 வட்டிக்கே சரி. புதிதாக ஒன்றுமே வாங்காமல் ஒரு வருடம் இப்படி அந்தந்த மாதப் பாக்கியில் 5 சதவீதம் கட்டினாலும் முக்கால் பங்குக்கு மேல் பாக்கி நிற்கும். இந்த நிலையில் இருப்பவர்கள், ஒரு மாத அத்தியாவசியச் செலவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் அந்தப் பாக்கிக்கே கட்ட வேண்டும். இரண்டு மூன்று கடன் இருந்தால் வட்டி அதிகமுள்ளதை முதலில் அடையுங்கள்.

கடன் வாங்கும்போது “வருடத்துக்கு 10 சதவீதம்தான்” என்றால், ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேளுங்கள். ஒரு லட்சத்தை ஃபிளாட் 10-க்கு வாங்கினால் மாதம் 9,167 வீதம் 12 தவணை. நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. உண்மை வட்டி சுமார் 18 சதவீதம்.

அவசர நிதியை மேலே சொன்ன வருடச் செலவுக் கணக்கோடு கலக்கவே கூடாது. வேலை போவது, ஆஸ்பத்திரி, விபத்து இவற்றுக்கு மட்டும்தான் அது. அளவைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாமல் அத்தியாவசியச் செலவை வைத்துக் கணக்கிடுங்கள். வாடகை, உணவு, தவணை, மருந்து, கட்டணம் சேர்ந்து 26,000 என்றால் மூன்று மாதத்துக்கு 78,000, ஆறு மாதத்துக்கு 1,56,000. கணவன், மனைவி இருவரும் வெவ்வேறு துறையில் சம்பாதிக்கிறார்கள் என்றால் மூன்று மாதம் தாங்கும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு ஆறு மாதம் வேண்டும். ஒரு மாதத் தொகை சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டின் வட்டி பாதிக்கப்படாது.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் வருமானம் குறைவோ, அதை உங்கள் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும்படி எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து 1-ம் தேதி அந்தச் சம்பளம் மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். நல்ல மாதத்தில் தேங்குவது மோசமான மாதத்தைத் தாங்கும். தொழில் முதலை இதில் கலந்தால் இரண்டும் கெடும்.

நீண்டகால இலக்கு வைக்கும்போது இன்றைய விலையை எழுதிவிடாதீர்கள். இன்று 6,00,000 ஆகும் படிப்புச் செலவு வருடத்துக்கு 7 சதவீதம் ஏறினால் ஐந்து வருடத்தில் சுமார் 8,41,000. வட்டியை விட்டுப் பார்த்தால் மாதம் சேர்க்க வேண்டியது 10,000 இல்லை, 14,000.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவசர நிதி எந்த வங்கியில் இருக்கிறது என்பது சம்பாதிக்கிறவருக்கு மட்டும் தெரிந்து, அவரே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அந்தப் பணம் இருந்தும் இல்லாததுதான். கணக்கை இருவர் பெயரில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் வையுங்கள். நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா, பழைய கணக்கில் இன்னும் கல்யாணத்துக்கு முந்தைய நாமினியே இருக்கிறாரா என்று பாருங்கள். கணக்கு எண்கள், டெபாசிட் முடியும் தேதிகள், இன்சூரன்ஸ் பாலிசி எண், தர வேண்டிய கடன், வர வேண்டிய கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்வேர்டு மட்டும் எழுதாமல், வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.