ஒரு தாளைக் கொடுக்க இவ்வளவு பாடா?

ஊர் வந்து நான்கு நாள் ஆகிறது. இன்று காலை அந்த விமான நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். "உங்கள் பயண அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்களுக்கு எத்தனை தருவீர்கள்?" படித்ததும் அடங்கிக் கிடந்ததெல்லாம் மறுபடி பற்றிக்கொண்டது.

பன்னிரண்டு நாள் ரோம், லூசர்ன், பாரிஸ் என்று அருமையாகத்தான் போனது. 71 வயதில் என் மாமியார் கொலோசியத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். கெடுத்தது கடைசி நாள்தான்.

பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையம், முதல் டெர்மினல். பிற்பகல் 2:35-க்கு விமானம், வளைகுடாவில் மாறிச் சென்னை. கிளம்பியது இரவு 10:10-க்கு. தாமதத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இயந்திரம் என்றால் பழுதாகும். ஆனால் ஏழரை மணி நேரமும் "இன்னும் அரை மணி நேரம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

அத்தைக்கு இருபது வருடச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும், போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். விமானத்தில் சாப்பாடு எப்போது வரும் என்பதை வைத்துத்தான் ஊசிக்கு நேரம் குறிக்கிறோம். அரை மணியில் ஏறிவிடுவோம் என்று சொன்னால் காத்திருப்போம். ஆறு மணி நேரம் ஆகும் என்று சொன்னால் அங்கேயே எதையாவது வாங்கிக் கொடுத்து ஊசி போடுவோம். உண்மையைச் சொன்னால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். "ஏம்மா, போட்டுக்கட்டுமா வேண்டாமா?" என்று அத்தை மூன்று முறை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாற்று இன்சுலின் பேனாக்கள் வைத்திருந்த நீலப் பையில் ஐஸ் பாக்கெட் இளகி, பை முழுக்க ஈரம். காபிக் கடைப் பையன் ஒரு கோப்பை நிறைய ஐஸ் கொடுத்தான், காசு வேண்டாம் என்றுவிட்டான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

சரி, கவுண்டருக்கு வருகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் பொருந்தும். எங்களுடையது போல நீண்ட தூரம் என்றால், நான்கு மணி நேரம் தள்ளிப்போனாலே சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும். அதற்கும் முன்னால், இரண்டு மணி நேரத் தாமதம் என்றதுமே, பயணியின் உரிமைகளை எழுதிய தாளைக் கையில் கொடுக்க வேண்டும். நான் கேட்டது அந்தத் தாளைத்தான்.

மாலை 6 மணிக்கு வரிசையில் நின்றேன். 6:40-க்கு என் முறை வந்தது. "எல்லாம் எங்கள் செயலியில் இருக்கிறது, பாருங்கள்" என்றார் அந்தப் பெண். செயலியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பச்சை எழுத்தில் "2:35, சரியான நேரம்" என்று இருந்தது. நேரமோ 6:45. அதைப் பார்த்துவிட்டு, "மேலாளர் வருவார், தள்ளி நில்லுங்கள்" என்றார். தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற பதினைந்து பேரும் அதே பதிலைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்கள். மேலாளர் 7:25-க்கு வந்தார்.

"அந்தத் தாள் செக்-இன் கவுண்டரில் கிடைக்கும்" என்றார்.

செக்-இன் கவுண்டர் குடியேற்றச் சோதனைக்கு அந்தப் பக்கம். எங்கள் பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரை குத்தியாகிவிட்டது. விசா வேறு அன்றோடு முடிகிறது. "நான் எப்படி அங்கே போக முடியும்?" என்றேன். "ஆமாம், போக முடியாது" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். ஆமாமாம்! போக முடியாத இடத்தில் தாளை வைத்திருக்கிறோம் என்று வாயாலேயே சொல்கிறார், கொண்டுவந்து தருகிறேன் என்ற ஒரு சொல் வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. என் மகள் பயந்துபோய் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு ஆளுக்கு 12 யூரோ கூப்பன் வந்தது, தாள் வரவில்லை. அதற்குள் பாதிக் கடைகளில் சாண்ட்விச் தீர்ந்திருந்தது. சைவம் என்று கிடைத்தது சீஸ் வைத்த நீள ரொட்டி ஒன்றுதான். அதன் மேல்தோல் அத்தையின் பல்லுக்கு உடையவில்லை. உள்ளே மெத்தென்று இருந்ததைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, ஊசி போட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணமும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் வானிலை என்றார்கள், வெளியே வெயில் அடித்தது. அப்புறம் பணியாளர் வரவில்லை, அப்புறம் இயந்திரக் கோளாறு. ஏன் மாற்றுகிறார்கள் என்று இப்போது புரிகிறது. அசாதாரணச் சூழ்நிலை என்று காட்டிவிட்டால் இழப்பீடு தர வேண்டாம். வழக்கமான இயந்திரக் கோளாறு அதில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாங்கள் இருபது மணி நேரம் தாமதமாகச் சென்னை வந்தோம். அந்த விதிப்படி இழப்பீடு ஆளுக்கு 600 யூரோ, நான்கு பேருக்கு 2,400. ஒரு யூரோகூட விட மாட்டேன். போர்டிங் பாஸ், கூப்பன், அந்தப் பச்சை எழுத்துத் திரையின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வளைகுடாவில் இணைப்பு விமானம் போய்விட்டிருந்தது, அங்கே இன்னொரு வரிசை. அதை எழுதவே தெம்பில்லை. சென்னையில் அதிகாலை 4 மணிக்கு பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுபோனது, எங்கள் பெரிய பெட்டி வரவில்லை. புகார்ப் படிவம் எழுதிக் கொடுத்து நகலை வாங்கிக்கொண்டோம். பெட்டி நேற்றுதான் வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் சேதத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும், இன்றிரவே அனுப்புகிறேன்.

கொண்டுவந்தவர் பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நாங்கள் வந்து இறங்கிய அன்றே ஓடவில்லை, வீங்கிய காலோடு அத்தை நான்கு மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மாதம் 4,000 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். லிஃப்ட் எப்போது சரியாகும் என்று செயலாளரிடம் கேட்டால், "இன்னைக்கு நாளைக்குள்ள ஆயிடும்மா" என்கிறார். நான்கு நாளாக அதையேதான் சொல்கிறார்.