மூலை வெட்டிய பாஸ்போர்ட்

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, மீனம்பாக்கம் ஏர்போர்ட் கார்கோ வாசலில் அத்தை மகனின் பெட்டிக்காகக் காத்திருந்தேன். சவுதியில் அவன் இறந்து 26 நாள் ஆகியிருந்தது. கைக்கு வந்த காகிதங்களில் தூதரகத்தின் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, இருந்தது. கூடவே, ரத்து முத்திரை குத்தி மூலையை வெட்டிய அவனுடைய பாஸ்போர்ட். இந்த இரண்டு காகிதத்துக்காகத்தான் அத்தை அத்தனை நாளும் போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து வெளியுறவு அமைச்சர் என்றால் எனக்கு மாநாட்டு மேடை ஞாபகம் வருவதில்லை. வளைகுடாவில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும், ராமேஸ்வரத்தில் படகு வைத்திருக்கிற வீட்டுக்கும் ஆபத்து நேரத்தில் வேண்டிய மந்திரி அவர்தான்.

அவர் எப்படி வருகிறார்? அரசியலமைப்பின் 75ஆவது பிரிவுப்படி பிரதமர் பெயர் சொல்கிறார், குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நேரு 1947 முதல் 1964இல் இறக்கும்வரை அந்தத் துறையை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜெய்சங்கர் 2019 மே 30 அன்று பதவியேற்றபோது எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. ஆறு மாதம் அவகாசம் உண்டு என்பதால் ஜூலையில் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். வெளியுறவுச் செயலாளராக இருந்தவர், தொழில் தெரிந்தவர். அதில் எனக்குக் குறையே இல்லை.

பொறுப்பை ஒப்படைக்கும் முன் யாரும் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் என் குறை. அமெரிக்காவில் வெளியுறவு அமைச்சராகப் பெயர் சொல்லப்பட்ட மார்கோ ரூபியோ 2025 ஜனவரியில் செனட் குழுவின் முன் மணிக்கணக்கில் பதில் சொன்ன பிறகுதான் 99 ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்தார்.

நம்முடையது நாடாளுமன்ற முறை, அமைச்சர்தான் அவைக்கு வந்து பதில் சொல்கிறாரே என்பார்கள். சரி, கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தாகிவிட்டது. அமைச்சர் ஸ்வரண் சிங் அவையில் அறிக்கை வைத்தது ஜூலையில். ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இனி யார் அந்தத் துறைக்கு வந்தாலும், முதல் மாதத்திலேயே நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு முன் அதிகாரிகளை அனுப்பாமல் அவரே வந்து உட்காரட்டும். அதை நேரலையில் காட்டட்டும். இலங்கையில் பிடிபட்டு நிற்கிற படகுகள் எப்போது வரும் என்று ஒரு எம்.பி. கேட்கட்டும். வளைகுடாவில் இறந்தவன் ஊர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று இன்னொருவர் கேட்கட்டும். அந்தப் பதிலை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்க வேண்டும்.