கொழும்பு வழியாகச் சென்னை

அம்மா: தம்பி, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

முகவர்: ஒன்றேகால் மணித்தியாலம், அம்மா.

அம்மா: நேரத்தைக் கேட்கவில்லை. தூரத்தைக் கேட்டேன்.

முகவர்: தூரத்துக்கு டிக்கெட் இல்லை, திகதிக்குத்தான் டிக்கெட். கொழும்பு வழியாகப் போங்கள், மலிவு.

அம்மா: நான் இருப்பது யாழ்ப்பாணத்து இணுவிலில். சென்னை எனக்கு வடக்கே. கொழும்பு?

முகவர்: தெற்கே.

அம்மா: ஆக, இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் தெற்கே போய், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி, கிட்டத்தட்ட 640 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டும். பலாலியில் ஏறினால் மொத்தமே 355.

முகவர்: கணக்கு டீச்சரா அம்மா?

அம்மா: பூமிசாத்திரம். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுப் பாரும். எங்கே போகிறது?

முகவர்: (கணினியைப் பார்த்து) யாழ்ப்பாணத்துக்கு மேலால்...

அம்மா: என் வீட்டுக்கு மேலால்! முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருப்பேன். அந்த இடத்தில் கொஞ்சம் பதித்து ஓட்டச் சொல்லும், ஆடு வந்திருந்தால் கலைக்கலாம்.

முகவர்: பகிடி விடாதீர்கள். பலாலி விமானம் சின்னது, பொதி அதிகம் கொண்டுபோக இயலாது.

அம்மா: இரண்டு சேலை, ஒரு போத்தல் மிளகாய்த்தூள். அதுவும் கூட என்றால் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிடும், மேலால் போகிறபோது முற்றத்தில் போடட்டும்.

(முகவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். எழுதுகிறவருக்கு அது தென்படவில்லை.)

முகவர்: பலாலிச் சேவையை நம்பவும் முடியாது அம்மா. 2019இல் தொடங்கினார்கள், அடுத்த வருடமே நின்றுவிட்டது.

அம்மா: கொரோனாவுக்கு நின்றது. 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2024இல் இன்னொரு விமான நிறுவனமும் வந்துவிட்டது. நின்ற காலத்தில் கொழும்புக்குப் போனோம், சரி. ஓடுகிற காலத்திலும் ஏன் போக வேண்டும்?

முகவர்: எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்.

அம்மா: எல்லோருக்கும் நீர்தானே டிக்கெட் போடுகிறீர்.

முகவர்: சரி, பலாலி. ஆனால் நேரத்தோடு வெளிக்கிட வேண்டும். அந்தப் பக்கம் உங்களுக்குப் பழக்கம் உண்டா?

அம்மா: பழக்கமோ? என் சீதனக் காணியே ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான். 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு ஓடி வந்தோம். இராணுவம் இன்னும் உள்ளே விடவில்லை. கடல் தாண்டி 355 கிலோமீற்றருக்கு விசா தருகிறார்கள். வேலியிலிருந்து 300 மீற்றரில் கிடக்கிற காணிக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும், தம்பி? உம்முடைய கணினியில் தட்டிப் பாரும்.

முகவர்: ...அது என் கணினியில் வராது, அம்மா.

அம்மா: தெரியும். டிக்கெட்டைப் போடும்.

முகவர்: திரும்பி வருவதையாவது கொழும்பு வழியாகப் போடட்டுமா? மலிவு.

அம்மா: போடும். இரவு பஸ் காசை உம்முடைய கொமிஷனில் கழித்துவிட்டு விலையைச் சொல்லும்.

முகவர்: இரண்டுமே பலாலி, அம்மா.