ஆமாம், எங்கள் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் குப்பைதான் கூட்டுகிறாள்

சொந்தக்காரர்கள் குழுவில் கேலியாகச் சுற்றிய, அக்கா மகள் வாரியலோடு குனிந்து நிற்கிற அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் அக்கா சொன்னாள். "விடு, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல முகம் பார்க்கணும்லா" என்றாள். நானும் விடத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று மறுவீட்டுச் சொதி விருந்தில், பந்தியில் எதிர் வரிசையில் இருந்த மதினி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன, உங்க வீட்டுப் பிள்ளை அமெரிக்காவுல தூத்துப் பெருக்குதாமே?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. குழுவில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். படியுங்கள்.

ஆமாம், கூட்டுகிறாள். குப்பைத் தொட்டியைக் காலி செய்கிறாள். கழிப்பறை கழுவுகிறாள். யாராவது குழந்தை ராட்டினத்தில் சுற்றி இறங்கி வாந்தி எடுத்தால் அதையும் அள்ளுகிறாள். இதில் ஒன்றையும் நாங்கள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய வேலை என்று அவளும் நினைக்கவில்லை, அக்காவும் அத்தானும் நினைக்கவில்லை. நினைத்தது நீங்கள்தான்.

முதலில் விஷயம் தெரிந்துகொண்டு பேசுங்கள். அவள் அங்கேயே பிறந்த பிள்ளை. ஒஹாயோவில் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அமெரிக்காவில் டிஸ்னி காலேஜ் ப்ரோகிராம் என்று ஒன்று 1981-லிருந்து நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை டிஸ்னி கம்பெனி தருகிற குடியிருப்பில் தங்கி, அதன் கேளிக்கைப் பூங்காவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். எந்தப் பாடம் படிக்கிறவர்களும் போகலாம். ரைடு இயக்குவது, கடையில் விற்பது, சாப்பாட்டுக் கவுண்டர், ஓட்டல் அறை சுத்தம், நீச்சல் குளத்தில் காவல், தெருக் கூட்டுவது என்று பல வேலை உண்டு. இவளுக்கு வந்தது துப்புரவுப் பிரிவு. "வேண்டாம்னா விட்டுடு பாப்பா" என்று அக்கா சொன்னாள். "ஏம்மா விடணும்?" என்றுதான் அவள் கேட்டாள்.

அவள் இருப்பது ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம், வால்ட் டிஸ்னி வேர்ல்டில். 1971-ல் திறந்தது. இப்போது நாலு பெரிய பூங்கா, ஓட்டல்கள், ஏரிகள் என்று ஏறத்தாழ நம் திருநெல்வேலி மாநகராட்சி அளவுக்குப் பரந்து கிடக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் மட்டும் 70,000 பேருக்கு மேல். அத்தனை கூட்டம் வந்து போகிற இடம் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று போய் வந்த எல்லாரும் வியந்து பேசுகிறோமே, நம் குழுவிலேயே மாமா ஒருவர் அங்கே போய் வந்த படங்களைப் போட்டு "தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று எழுதினாரே, அந்தத் தரையை யார் கூட்டினார்கள் என்று நினைத்தீர்கள்? அவர் படத்துக்கு எல்லாரும் கை தட்டினீர்கள். அதே தரையைக் கூட்டுகிற பிள்ளையின் படத்துக்குச் சிரித்தீர்கள்.

அவளுடைய ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டீர்களா? நான் சொல்கிறேன்.

நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அவளுக்குச் சனி, ஞாயிறுதான் கடுமையான நாள், கூட்டம் அன்றைக்குத்தான். எந்த நாள் எத்தனை மணிக்கு வேலை என்று வாரத்துக்கு வாரம் அட்டவணை மாறும். விடுப்பு செவ்வாயோ புதனோ, எது கிடைக்கிறதோ அது. குறைந்தது முப்பது மணி நேரம் வேலை உண்டு, நாற்பதைத் தாண்டுகிற வாரமும் உண்டு. பண்டிகை நாளில் கண்டிப்பாக வேலை. குடியிருப்பிலிருந்து பஸ். இறங்கி, உடை மாற்றி, கையில் வாரியலும் நீளக் கைப்பிடி வைத்த முறமும் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினால் நடைதான், உட்காருகிற வேலையே கிடையாது. ஃபுளோரிடா கோடை நம் அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை, புழுக்கம் வேறு. மத்தியானத்துக்கு மேல் இடி மழை கொட்டும். மின்னல் அடித்தால் வெளியில் ஓடுகிற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அத்தனை ஜனமும் கூரையைத் தேடி ஓடும். மழை விட்டதும் தண்ணீரைத் தள்ளுவது இவள் கூட்டம்.

ராத்திரி வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகுதான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. பாப்கார்ன், பாட்டில், ஈரத் துணி, ஒற்றைச் செருப்பு எல்லாம் தெரு முழுக்கக் கிடக்குமாம். அங்கே ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குக் கூப்பிடுவாள். இங்கே அது காலை பத்தரை. பள்ளிக்கூடத்தில் என் இடைவேளை நேரம். "சித்தி, கால் ரெண்டும் என்னுதே இல்லாத மாதிரி இருக்கு" என்பாள். உடனே இன்னொரு கதை சொல்லிச் சிரிப்பாள். தொலைந்துபோன ஒரு சின்னப் பையன் இவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா வருகிறவரை விடவே இல்லையாம். கூட்டுகிறவர்களிடம்தான் எல்லாரும் வழி கேட்பார்களாம், ஏனென்றால் தெருவில் எப்போதும் கண்ணில் படுகிறவர்கள் அவர்கள்தான். அந்தப் பூங்காவின் வரைபடமே இப்போது அவள் தலைக்குள் இருக்கிறது.

விடுப்பு நாளில் பாதி தூக்கம், பாதி துணி துவைப்பு. கூடத் தங்கியிருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாநிலம். வாரத்தில் ஒரு நாள் இவள் சமையல். ஆச்சி வைக்கிற மாதிரி ரசம் வைக்கப் பழகிவிட்டாள், மிளகு தூக்கலாக. வாடகை வாரத்துக்குச் சுமார் 200 டாலர், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். மிச்சத்தில் சாப்பாடு, போன், சின்னச் சேமிப்பு. அப்பனிடம் ஒரு டாலர் வாங்குவதில்லை. இருபது வயதில் நம்மில் எத்தனை பேர் அப்படி இருந்தோம்?

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது பாதிப் படம். அங்கே துப்புரவுப் பிரிவில் இருக்கிறவர்கள் வாரியலைத் தண்ணீரில் நனைத்து, தரையில் மிக்கி முகமும் மற்ற உருவங்களும் வரைவார்கள். வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும். அதற்குள் குழந்தைகள் சுற்றி நின்று ஆரவாரம் செய்வார்கள். இவள் வரைந்துகொண்டிருந்தாள். முழுப் படத்தில் அவளைச் சுற்றிக் குழந்தைகள் நிற்கிறார்கள், ஒரு வயதான அம்மா கை தட்டுகிறார். அவள் பெருமையாகத் தன் பக்கத்தில் போட்ட படம் அது. குழந்தைகளை வெட்டி, தரையை வெட்டி, குனிந்த முதுகையும் வாரியலையும் மட்டும் வைத்து, "எச்சி இலை எடுக்கத்தான் அமெரிக்கா போனாளா" என்று எழுதிக் குழுவில் போட்டது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் பெயர் எழுதவில்லை. அண்ணாச்சி, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது உங்களுக்கு மறந்துபோச்சு. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், சின்ன வயதில் லீவுக்கு வரும்போது ஆச்சி சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கும் வேலை முடிந்து கூப்பிட்டாள். "சித்தி, நான் எதும் தப்பா செஞ்சிட்டேனா?" என்றாள். நான் என்ன பதில் சொல்ல?

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இவ்வளவா?" என்பீர்கள். விளையாட்டு என்றால் அவளும் சிரித்திருக்க வேண்டும்.

"டிஸ்னி மாதிரி பெரிய கம்பெனி படிக்கிற பிள்ளைகளைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறது, அதைச் சொல்ல மாட்டீர்களா?" என்று தம்பி ஒருவர் தனியாக எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அங்கேயே அந்த விவாதம் ரொம்ப நாளாக உண்டு. தொழிற்சங்கங்கள் மாதக்கணக்கில் பேசி 2023-ல்தான் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலரிலிருந்து 18 டாலருக்கு உயர வழி செய்தன. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இந்தத் திட்டத்தையே நிறுத்தி, பிள்ளைகளைச் சில நாளில் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னதும் நடந்ததுதான். மறுவருடம்தான் திரும்பத் தொடங்கியது. இதையெல்லாம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் தம்பி, அந்தப் படத்துக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் கூலி குறைவு என்றா சிரித்தார்கள்?

"பொம்பளப் பிள்ளை ராத்திரி ஒரு மணிக்கு..." என்று ஒரு சித்தப்பா. நம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் துணிக்கடை மூடி, ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா சித்தப்பா? அவர்களும் பொம்பளப் பிள்ளைகள்தான். அவர்களுக்காக நீங்கள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பண்டிகைக்குத் துணி எடுக்கப் போய், முப்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து வருகிறோம். அந்தப் பிள்ளை காலையிலிருந்து நிற்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்திருப்போமா? கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் அந்த ஒரு வரி சேர அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சென்னை ரங்கநாதன் தெருவில் நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா பத்தாவது முடித்த கையோடு மெட்ராஸில் மளிகைக் கடைக்குப் போனவர். காலையில் கடை வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பதுதான் முதல் வேலை. அப்புறம் மூட்டை சுமப்பது, பொட்டலம் கட்டுவது. ராத்திரி அரிசி மூட்டை மேலேயே படுக்கை. அந்த மணியார்டரில்தான் இரண்டு அத்தைமாருக்கும் கல்யாணம் நடந்தது. அந்த மணியார்டரில்தான், அண்ணாச்சி, நீங்கள் பாலிடெக்னிக் படித்தீர்கள். பெரியப்பா உயிரோடு இருந்தவரை அதை வாய்விட்டுச் சொல்வார். அப்பா கடை வாசல் கூட்டியது உங்களுக்குக் கௌரவம், அவர் பேத்தி பூங்காவில் கூட்டுவது கேவலமா? எங்கே இருந்து வந்தது இந்தக் கணக்கு?

எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மூட்டை சுமந்தால் உழைப்பாளி, வாரியல் பிடித்தால் வேறு ஆள். நம் ஊரில் வாரியலுக்கு ஒரு சாதி வைத்திருக்கிறோம். ஆனித் தேரோட்டம் முடிந்து நாலு ரத வீதியும் எப்படிக் கிடக்கும்? மோர்ப் பந்தல் டம்ளர், அன்னதானத் தட்டு, பூ, வாழைப்பழத் தோல். விடியும்போது யார் வந்து அள்ளுகிறார்கள்? கையுறை இருக்கிறதா அவர்களுக்கு? வீட்டு வாசலில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள் அண்ணாச்சி? குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு போய், சாப்பிட்டுவிட்டு, இலையையும் பிளாஸ்டிக் பையையும் போட்ட இடத்திலேயே விட்டு வருகிறோமே, அதை எடுக்க ஒரு ஆள் வருவான், அந்த ஆள் நம் வீட்டு ஆளாக இருக்க மாட்டான் என்கிற தைரியம்தானே அது? இன்றைக்கு நம் வீட்டு ஆளே குனிந்து எடுக்கிறாள் என்றதும் உங்களுக்குத் தாங்கவில்லை. "எச்சி இலை" என்ற சொல் உங்கள் வாயில் அவ்வளவு சுலபமாக வந்ததே, அது என் அக்கா மகளை மட்டும் குத்தவில்லை. நம் தெருவைத் தினமும் கூட்டுகிற அந்த அம்மாவையும் குத்தியது. அவர் அந்தக் குழுவில் இல்லை, அவ்வளவுதான்.

"உன் அக்கா மகள் ஆறு மாதம் ஆசைக்குக் கூட்டிவிட்டுப் படிக்கப் போய்விடுவாள், இங்கே கூட்டுகிறவர்களுக்கு அந்த வசதி உண்டா?" என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் சொல்வது சரி. அது ரொம்பப் பெரிய வித்தியாசம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை சிரித்தவர்களுக்குக் கிடையாது.

மதினி, நேற்று நீங்கள் கேட்டதற்குப் பந்தியில் வைத்துப் பதில் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் எழுந்து கை கழுவப் போனேன். இங்கே சொல்கிறேன். கூட்டுகிறாள் மதினி. நல்லாவே கூட்டுகிறாள். டிசம்பரில் அவளுக்கு இந்த வேலை முடிகிறது, பொங்கலுக்கு ஆச்சியைப் பார்க்க வருகிறாள். உங்கள் வீட்டுக்கும் கூட்டி வருவேன், ஏனென்றால் பெரியவர்கள் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்று இப்போதும் அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அண்ணாச்சி அதற்குள் அந்தப் படத்தை அழித்துவிட்டு, அவளுக்கு ஒரு போன் போட வேண்டும். அக்காவுக்கு இல்லை, எனக்கு இல்லை, அவளுக்கு. நம்பர் குழுவிலேயே இருக்கிறது. இங்கே காலை பத்தரைக்குக் கூப்பிட்டால் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள், எடுப்பாள்.